அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தின் பெயர் வேண்டும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். தர்மபுரி பேருந்து நிலையம் பக்கம் பழைய புத்தகக் கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு ஆங்கிலப் பயணநூல் வாங்கினேன். முன் அட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, நானும் புரட்டிப் பார்க்கவில்லை. சரி, இருபது ரூபாய்தானே!

ஒரு மனிதர் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியாரோடு நியூசிலாந்தை வேனில் சுற்றுகிறார். வெலிங்டனில் வேனையே கப்பலில் ஏற்றி, மூன்றரை மணி நேரம் கடலைக் கடந்து பிக்டன் போகிறார்கள். மாமியார் வாந்தி எடுக்கிறார், பழி மருமகன் ஓட்டுதலுக்கு! ஆர்தர்ஸ் பாஸ் மலையில் கியா என்ற கிளிகள் வைப்பர் ரப்பரைக் கொத்திப் பிய்க்கின்றன.

அப்பா ஒகேனக்கல் வழித்தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் ராத்திரி சாப்பிட்டதும் தமிழில் சொல்லிக்காட்டுகிறேன். கிளிக் கதைக்கு, "நம்ம ஒகேனக்கல் குரங்குக்குப் பறக்கத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார். நியூசிலாந்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகலான பாலங்களில், பலகையில் சின்ன சிவப்பு அம்பு யார் பக்கமோ அவர்தான் நின்று வழிவிட வேண்டுமாம். அதைக் கேட்டு, "தொப்பூரில் வைத்தால் யார் நிற்பான்?" என்று ஒரே சிரிப்பு.

இப்போது கதை பாலத்தின் நடுவில் நிற்கிறது. எதிரே ஆட்டு மந்தை. அடுத்த பக்கம் இல்லை. அப்பா விடுவதாக இல்லை.

யாருக்காவது இந்தப் புத்தகம் தெரியுமா? கடைசிப் பக்கங்களைப் படித்தவர் கதையைச் சொன்னாலும் போதும். அப்புறம், குடும்பத்தோடு போய் அவதிப்பட்டதைச் சிரிக்கச் சிரிக்க எழுதிய தமிழ்ப் புத்தகம் இருந்தால் பெயர் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் அப்பாவே படிப்பார்.