ஜி.எஸ்.டி. சாலையில் பைக்: ஹெட்லைட் எரிந்தும் கார்கள் குறுக்கே திரும்புவது ஏன்?

வண்டலூர் பயணி:
அனைவருக்கும் வணக்கம். வண்டலூரிலிருந்து கிண்டிக்கு ஜி.எஸ்.டி. சாலை வழியாக 125 சிசி பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். என் ஹெட்லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து யு டர்ன் எடுக்கும் கார்கள், நான் நெருங்கிவிட்ட பிறகு குறுக்கே திரும்புகின்றன. கூடுதலாக இரண்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் போதும் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி அணிவதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பட்டறைக்காரர்:
2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்திலும் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரிய வேண்டும் என்பது விதி. எல்லா வண்டிகளிலும் விளக்கு எரியும் சாலையில் உங்கள் விளக்கு தனித்துத் தெரியாது; ஆனால் அதுவும் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசமாகும். கூடுதல் எல்.இ.டி. விளக்குகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் அவை எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகவே பொருத்தப்பட்டிருக்கின்றன. கண் கூசும் ஓட்டுநரால் நீங்கள் எவ்வளவு தொலைவில் வருகிறீர்கள் என்பதைக் கணிக்கவே முடியாது.

உடையைப் பொறுத்தவரை, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பியனுப்பும் உடை அணிந்தவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதம் குறைவாகவும், கறுப்புத் தலைக்கவசத்தைவிட வெள்ளைத் தலைக்கவசம் அணிந்தவர்களுக்கு 24 சதவீதம் குறைவாகவும் இருந்ததாக அது கூறுகிறது. அந்த நகரின் போக்குவரத்து வேறு, நம்முடையது வேறு என்றாலும், அடுத்த முறை ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள வெள்ளை ஹெல்மெட்டை வாங்குவதற்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகப்போவதில்லை.

மேலங்கி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பளிச்சிடும் மஞ்சள் துணி பகலிலும் அந்தி மங்கலிலும்தான் எடுபடும். இரவில் வேலை செய்வது அதில் தைத்திருக்கும் வெள்ளிநிறப் பட்டைதான். வாகன விளக்கின் ஒளி பட்டால் அதை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். வெயிலுக்கு அஞ்சினால் வலைத்துணியில் தைத்த கையில்லாத மேலங்கியே போதும்.

மேடவாக்கம் ஸ்கூட்டர்:
பட்டறைக்காரர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் கேள்வியின் மையம் நிறமோ விளக்கோ அல்ல. சாலையில் நீங்கள் எந்த இடத்தில் வருகிறீர்கள் என்பதுதான் என்று கருதுகிறேன். நேர் எதிரே வரும் பைக்கின் முகப்பு மிகக் குறுகியது. அது நெருங்க நெருங்கப் பெரிதாவது கண்ணுக்கு மிகத் தாமதமாகவே புலப்படுவதால், பார்த்த ஓட்டுநரும்கூட அது தொலைவில் மெதுவாக வருவதாகவே எண்ணித் திரும்பிவிடுகிறார். காரின் முன்கண்ணாடி ஓரத்தில் இருக்கும் தூணுக்குப் பின்னால் ஒரு பைக் முழுவதுமாகவே மறைந்துபோகவும் கூடும்.

ஆகவே யு டர்ன் இடைவெளியை நெருங்கும்போது பேருந்துக்கோ வேனுக்கோ ஒட்டிப் பின்னால் செல்லாதீர்கள். அது கடந்ததும் பாதை காலியாகிவிட்டதென்று திரும்பக் காத்திருப்பவர் நினைத்துக்கொள்வார். சற்று முன்னதாகவே வேகத்தைக் குறைத்து, பின்னால் வருபவரை இடிக்காதபடி உங்கள் தடத்துக்குள்ளேயே மெல்ல ஒருபுறம் நகர்ந்து செல்லுங்கள். நேர்க்கோட்டில் வரும் ஒளிப்புள்ளியைவிடப் பக்கவாட்டில் அசையும் ஒன்றைக் கண் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அவர் முகத்தை வைத்து நம்பாமல், காரின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். அது உருளத் தொடங்குவதே முதல் எச்சரிக்கை. அந்த இடத்தில் விரல்கள் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் கடந்துவிடுகிறோம்.

கனரக ஓட்டுநர்:
தம்பி, நான் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஓட்டுபவன். கார்களைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். லாரியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் இருக்கை வலப்புறம் இருப்பதால், இடக் கதவுக்குக் கீழேயும் பம்பருக்கு நேர் முன்னாலும் நிற்கும் பைக் எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் மஞ்சள் உடுத்தியிருந்தாலும் விளக்கைப் போட்டிருந்தாலும் அங்கே அதனால் பயனில்லை. என் பக்கக் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால், நீங்களும் எனக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்து நிற்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இடப்புறம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல், உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நான் அகலமாக வலப்புறம் எடுப்பதைப் பார்த்து இடப்புறம் வழி கிடைத்துவிட்டது என்று நுழைகிறார்கள். அந்த இடைவெளி சில நொடிகளில் மூடிவிடும். பின்னாலேயே நின்றுவிடுங்கள், தம்பி.

வண்டலூர் பயணி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்.இ.டி. எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். மழைக்காலத்தில் நான் அணியும் கறுப்பு ரெயின்கோட்டை மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரர்:
மாற்ற முடிந்தால் நல்லது. இல்லையெனில் ஒளிதிரும்பும் பட்டையை முதுகிலும் இரு தோள்களிலும் துணி நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டிவிடுங்கள். முதுகில் பை மாட்டினால் அந்தப் பட்டை மறைந்துவிடும். பையின் மேலும் ஒன்று வேண்டும். மழையில் டெயில் லைட்டின் மேல் சேறு படிந்துவிடுவதால் புறப்படும் முன் துடைத்து, பிரேக்கை அழுத்தினால் அது பிரகாசமாக எரிகிறதா என்று முன்பிரேக், பின்பிரேக் இரண்டிலும் தனித்தனியே பாருங்கள். முன்பிரேக்கின் சுவிட்ச் பழுதான வண்டிகள் பட்டறைக்கு அடிக்கடி வருகின்றன. ஓட்டுபவருக்கு அது தெரிந்திருப்பதேயில்லை.