கேட் போட்டால் போச்சு

சென்னை கொருக்குப்பேட்டை எழில் நகரிலிருந்து எழுதுகிறேன். பையன் மூன்றாவது படிக்கிறான். அவன் அப்பா பேச்சை விடுங்கள், நாலு வருடமாக நானும் அவனும்தான். எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு ரெடிமேட் பட்டறையில் காஜா, பட்டன், நூல் பிசிறு வெட்டுகிற வேலை. பீஸ் கணக்கு. "உனக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப வாம்மா" என்றுதான் முதலாளி சேர்த்துக்கொண்டார்.

காலையில் பெரிய கஷ்டமில்லை. மாநகராட்சிப் பள்ளியில் 1 முதல் 5 வரை காலைச் சாப்பாடு அங்கேயே. பொங்கல் போடுகிற நாளில் என்னை இழுத்துக்கொண்டு ஓடுவான். அப்புறம் பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வந்தால் ஏறுவேன். டீலக்ஸ் வந்தால் நடைதான்.

எங்களுக்கு எல்லாமே ரயில்வே கேட். இந்தப் பக்கம் வீடு, பள்ளி. அந்தப் பக்கம் பிழைப்பு. காலையில் கேட் போட்டால் பத்து பீஸ் போகும், அவ்வளவுதான். சாயங்காலம் போட்டால் பிள்ளை தனியாக நிற்கும்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படித்தான் ஆனது. "லோடு ஏத்தணும், நாலு வரைக்கும் இரும்மா" என்றார் முதலாளி. மற்ற மாதத்தில்தான் என் தோது. சீசனில் அவர் தோது. வாய் திறக்காமல் இருந்தேன். ஓடி வந்தால் கேட் மூடிக் கிடக்கிறது. கூட்ஸ் ஒன்று நகராமல் நிற்கிறது. கம்பிக்குக் கீழே நாலு பேர் குனிந்து போனார்கள். எனக்கும் கால் துடித்தது. எனக்கு ஒன்று ஆனால் அவனுக்கு யார் என்று நினைத்து நின்றுவிட்டேன்.

போய்ச் சேரும்போது ஐந்தைத் தாண்டிவிட்டது. பள்ளி வாசலில் வேர்க்கடலை விற்கிற ஆயா பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான். "உன் புள்ள கணக்குல கெட்டிடி, ரெண்டு ரூபா கொறையுதுன்னு கண்டுபுடிச்சிட்டான்" என்றது ஆயா. காசு நீட்டினேன், திட்டு விழுந்தது. "ஜாக்கெட்டுக்கு ரெண்டு ஹூக்கு வச்சித் தா, போதும்." அன்று ராத்திரியே தைத்துக் கொடுத்தேன். இப்போது ஆயா வீட்டுக் கிழிசல் எல்லாம் என்னிடம்தான் வருகிறது. சீசன் நாளில் அவன் அங்கே உட்கார்ந்துகொள்கிறான்.

முதலாளியிடமும் பேசிவிட்டேன். மூன்று மணிக்குக் கிளம்புவேன், மிச்சத்தை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். பீஸுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். எரிச்சல்தான், ஆனாலும் சரி என்றேன். இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே பேசியிருக்க வேண்டும்.

*

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்:

அக்கா, உங்களுக்குக் கேட், எனக்கு கணேசபுரம் சுரங்கப்பாதை. மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும், சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போக வேண்டும். சாப்பாடு டெலிவரி ஓட்டுகிறேன். எப்போது வேண்டுமானாலும் ஆப்பை ஆன் செய்யலாம் என்பார்கள். காசு இருப்பது மத்தியானமும் ராத்திரியும்தான். மத்தியான ஆர்டர் ஓயும் நேரத்தில் பாப்பாவுக்குப் பள்ளி விடும். கடைசி ஆர்டரை எடுத்தால் இன்சென்டிவ், விட்டால் பாப்பா. நான் விட்டுவிடுவேன். ராத்திரி ஓட்டம் அம்மா ஊரிலிருந்து வந்து தங்குகிற நாளில் மட்டும்.

இதையெல்லாம் சமாளித்துவிட்டேன். இரட்டைப் பின்னல்தான் வர மாட்டேன் என்கிறது. முதல் பீரியடுக்குள் ரிப்பன் அவிழ்ந்துவிடுகிறதாம், டீச்சர்தான் கட்டிவிடுகிறாராம்.

*

எழில் நகர்:

அண்ணா, ரிப்பனைக் கடைசியில் கட்டாதீர்கள். பாதி பின்னியதும் உள்ளே வைத்து, முடியோடு சேர்த்துப் பின்னி, நுனியை மேலே மடித்துக் கட்டுங்கள். தலையில் கொஞ்சம் எண்ணெய் வைத்துக்கொண்டால் முடி பறக்காமல் படிந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை போட்டுப் பாருங்கள், கை பழகிவிடும்.