கிணற்றுமேட்டு மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) மருந்து

குழு: கிணற்றுமேடு குடும்பம்

செவ்வாய்

பெரியப்பா (காலை 6:50): [படம்]

பெரியப்பா: நிலாம்மா, வேளாண் கல்லூரிப் பிள்ளை நீ, இந்தப் படத்தைப் பார். ரோட்டோரத்து மல்லாட்டை. விதைத்து 24 நாள். கொழுந்து விரியாமல் மடங்கியே நிற்கிறது. மருந்துக் கடையில் காட்டினேன். மூன்று மருந்து எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து இன்றைக்கே அடிக்கச் சொல்கிறார்.

கலா சித்தி: மாமா, அடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வரப்பில்தான் மாடு கட்டியிருக்கிறேன்.

ரவி அண்ணன்: அப்பா, காசு கொடுத்துவிட்டீர்களா?

பெரியப்பா: இல்லை. கணக்கில் எழுதிக்கொண்டார்.

ரவி அண்ணன்: அதுதான் மூன்றாக வந்திருக்கிறது 😄

நிலா: பெரியப்பா, மூன்றின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். முன்னால் பெரிதாக இருக்கும் பெயர் வேண்டாம். சின்ன எழுத்தில் மருந்தும் சதவீதமும் இருக்கும், அதுதான் வேண்டும்.

பெரியப்பா: [படம்] [படம்] [படம்]

நிலா: முதலாவது இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். இரண்டாவது தையாமீத்தாக்சம் 25 டபிள்யூ.ஜி. இரண்டும் ஒரே குடும்பம் பெரியப்பா, பூச்சியின் உடம்பில் ஒரே இடத்தில்தான் வேலை செய்யும். இரண்டையும் கலந்து அடிப்பதில் லாபம் இல்லை, பூச்சிக்கு மருந்து பழகிப்போவதுதான் மிச்சம். மூன்றாவது கடற்பாசி டானிக். அதற்கும், கொழுந்தை மடக்கும் இலைப்பேன் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை.

சித்தப்பா: பேன் என்று எப்படிச் சொல்கிறாய்? தத்துப்பூச்சியாக இருக்கலாமே. போன வருடம் எனக்கு அதுதான் வந்தது.

நிலா: தத்துப்பூச்சி என்றால் இலை நுனி 'வி' வடிவில் மஞ்சளாகும் சித்தப்பா. இந்தப் படத்தில் இலையின் மேல்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டியதுபோல் இருக்கிறது, அடிப்பக்கத்தில் கருகிய திட்டு. இது இலைப்பேன் வேலை. ஆனாலும் எண்ணிப் பார்க்காமல் எதுவும் அடிக்க வேண்டாம்.

பெரியப்பா: கண்ணுக்கே தெரியாததை எங்கே எண்ணுவது?

நிலா: ஒரு வெள்ளைத்தாளைக் கொழுந்துக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். மடங்கிய கொழுந்தை விரலால் பிரித்தும் பாருங்கள். மஞ்சளாக, நூல் துணுக்கு மாதிரி ஓடும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். வயலில் அங்கங்கே இருபது செடியில் பாருங்கள். ஒரு நுனிக்கொழுந்துக்கு 5 பேனுக்கு மேல் இருந்தால்தான் மருந்து. ரோட்டோரம் தனியாக, கிணற்றோரம் தனியாக எண்ணுங்கள்.

ரவி அண்ணன்: [முன்னனுப்பப்பட்ட செய்தி: புளித்த மோரும் மஞ்சள் தூளும் கலந்து தெளித்தால் எல்லாப் பூச்சியும் ஒரே நாளில்...]

கலா சித்தி: ஒரு ஏக்கருக்கு மோர் யார் வீட்டுப் பாலில் ரவி?

பெரியப்பா (மாலை 5:40): எண்ணினேன். கண்ணாடி போட்டும் கண் வலிக்கிறது. ரோட்டோரத்து அரை ஏக்கரில் கொழுந்துக்கு ஏழு, எட்டு. கிணற்றோரத்து அரை ஏக்கரில் இரண்டு, சில செடியில் ஒன்றுமே இல்லை.

சித்தப்பா: ரோட்டோரம் முழுக்கப் பார்த்தீனியம் பூத்துக் கிடக்கிறது அண்ணே. அங்கிருந்துதான் வருகிறது.

நிலா: சித்தப்பா சொல்வது சரி. அந்தப் பக்கம் தண்ணீரும் குறைவுதானே? செடி வாடி நின்றால் பேன் கூடும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும், தையில் மழையை எதிர்பார்க்க முடியாது. முதலில் ரோட்டோரத்துக்கு ஒரு தண்ணீர் விடுங்கள்.

பெரியப்பா: இதெல்லாம் இருக்கட்டும். முன்பெல்லாம் விதைக்கும்போதே திம்மட் குருணை போட்டுவிடுவோம், இந்தத் தொல்லையே இல்லை. முளைத்து வந்தாலும் டெமக்ரான் ஒரு அடி அடித்தால் முடிந்தது.

நிலா: இரண்டும் இப்போது கிடையாது பெரியப்பா. திம்மட்டில் இருக்கும் போரேட், டெமக்ரானில் இருக்கும் பாஸ்பாமிடான் இரண்டுக்கும் 2020 டிசம்பர் 31இலிருந்து நாடு முழுக்கத் தடை. கொட்டகையில் பழையது ஏதாவது கிடந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

கலா சித்தி: கிடந்தது. நான் ஏற்கனவே பூட்டி வைத்துவிட்டேன்.

புதன்

பெரியப்பா (காலை 7:15): [படம்] இது வேறு மாதிரி இருக்கிறது பார். ரோட்டோரத்தில் ஐந்தாறு செடி. இலையில் வட்ட வட்டமாக இருக்கிறது, மொட்டு கருகிவிட்டது, செடி வளரவே இல்லை.

நிலா: ஐயோ. இது மொட்டுக் கருகல் மாதிரி இருக்கிறது. வைரஸ் நோய்.

பெரியப்பா: அப்படியானால் மருந்தைச் சேர்த்து நன்றாக அடித்துவிடலாம். பேன் செத்தால் நோயும் நிற்கும்.

நிலா: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பேன் குஞ்சாக இருக்கும்போது நோயுள்ள செடியைச் சாப்பிட்டால்தான் வைரஸ் அதன் உடம்புக்குள் ஏறும். வளர்ந்து இறக்கை முளைத்த பிறகு, சாகும் வரைக்கும் போகும் செடிக்கெல்லாம் அதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நம் வயலுக்கு அது பறந்து வரும்போதே வைரஸோடுதான் வருகிறது. மருந்து அடித்த இலையில் உட்கார்ந்தாலும், சாவதற்குள் உறிஞ்சிவிடும். செடிக்கு நோய் வந்துவிடும். இலைச் சுருட்டலுக்கு மருந்து உதவும். கருகலை மருந்தால் நிறுத்த முடியாது.

சித்தப்பா: அப்படியென்றால் கருகலுக்கு என்னதான் செய்வது?

நிலா: அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். மற்றபடி இந்தப் பட்டத்துக்குப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த முறை விதைக்கும்போது மூன்று விஷயம். செடி நெருக்கமாக, சந்து விழாமல் இருக்க வேண்டும், 15-க்கு 15 சென்டிமீட்டர். விதைக்கே இமிடாகுளோபிரிட் நேர்த்தி செய்துவிட்டால் முதல் சில வாரம் பேனுக்கு அது போதும். ஊடே கம்பு ஓரிரு வரிசை போடலாம்.

நிலா: இன்னொன்று, அந்தப் பார்த்தீனியம். 2000இல் ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் மல்லாட்டைக்குத் தண்டு கருகல் வந்தது. அது வேறு வைரஸ். இரண்டே கால் லட்சம் ஹெக்டேர் வரை பாதித்தது, நஷ்டம் 300 கோடிக்கு மேல். பார்த்தீனியத்துக்குள் அந்த வைரஸ் இருந்தாலும் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. பேன் அதன் மகரந்தத்தை உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்து மல்லாட்டை இலையைச் சுரண்டும், சுரண்டிய காயம் வழியாக வைரஸ் உள்ளே போகும்.

ரவி அண்ணன்: அப்பா, நூறு நாள் வேலை ஆட்களை வைத்து ரோட்டோரத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்களேன்.

பெரியப்பா: அவர்கள் வந்தபோது உன் அப்பன் கேட்காமல் இல்லை. ஏரிக்குத்தான் போவோம் என்றார்கள். நானே ஆள் வைத்துப் பிடுங்குகிறேன்.

கலா சித்தி: கையுறை போடச் சொல்லுங்கள் மாமா. அந்தச் செடி பட்டுத்தான் இவருக்குப் போன வருடம் முழங்கையெல்லாம் அரித்துத் தடித்தது.

நிலா: சரி, இப்போது மருந்து. ரோட்டோரத்து அரை ஏக்கருக்கு மட்டும் இமிடாகுளோபிரிட். ஏக்கருக்கு 40 முதல் 50 மில்லி என்பது கணக்கு, அரை ஏக்கருக்கு 25 மில்லி தாண்டக் கூடாது. தண்ணீர் 100 லிட்டர். உங்கள் பேட்டரி டேங்க் 16 லிட்டர்தானே? ஆறு டேங்க், டேங்குக்கு 4 மில்லி.

பெரியப்பா: அரை ஏக்கருக்கு ஆறு டேங்கா? ஏக்கருக்கே ஏழு டேங்குக்கு மேல் நான் அடித்ததில்லை.

நிலா: அதனால்தான் மடங்கிய கொழுந்துக்குள் மருந்து போவதில்லை. பேன் உள்ளேதான் இருக்கிறது. வேகமாக நடந்துகொண்டே அடித்தால் மேல் இலைதான் நனையும். நாசிலைக் கொழுந்துக்குப் பக்கத்தில் பிடித்து நிதானமாகப் போங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், காற்று அடங்கிய பிறகு அடியுங்கள். மூடியால் அளக்க வேண்டாம், இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பி வாங்கி அதைக் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: லாம்டா பூச்சிமருந்தும் கொஞ்சம் சேர்த்தால் பட்டென்று விழும் அண்ணே. என்னிடம் அரை பாட்டில் இருக்கிறது.

நிலா: சித்தப்பா, வேண்டாம். அது பொறிவண்டையும் சேர்த்துக் கொல்லும். பேனைத் தின்கிற பூச்சிகளெல்லாம் போய்விட்டால் அடுத்து செம்பேன் என்ற சிவப்புச் சிலந்தி கிளம்பும், அதற்கு வேறு மருந்து வாங்க வேண்டும்.

சித்தப்பா: சரி சரி, கல்லூரி சொன்னால் சரி.

கலா சித்தி: கிணற்றோரத்துக்கு என்ன? அங்கே ஒன்றும் அடிக்க வேண்டாமா?

நிலா: இரண்டு பேனுக்கு ஒன்றும் வேண்டியதில்லை சித்தி. பெரியப்பாவுக்கு மனசு கேட்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கலாம். உங்களிடம் கொட்டை இருக்கிறதா?

கலா சித்தி: ஆடியில் பொறுக்கியது ஒரு மூட்டை இருக்கிறது.

நிலா: ஆறு மாதக் கொட்டை, சரியாக இருக்கும். தோல் நீக்கிய பருப்பு 5 கிலோ இடித்து, ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி 100 லிட்டராக்குங்கள். கொஞ்சம் காதி சோப்பு கரைத்து ஊற்றினால் இலையில் ஒட்டும். வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

கலா சித்தி: மாட்டுக்கு என்ன கணக்கு? மல்லாட்டைச் செடியைத்தான் கோடை முழுக்கப் போடுவேன்.

நிலா: இமிடாகுளோபிரிட் லேபிளில் மல்லாட்டைக்கு அடித்த பிறகு பிடுங்கும் வரை காத்திருப்பு 40 நாள். பிடுங்குவதற்கு இன்னும் 80 நாள் இருக்கிறது, அதனால் கொடிக்குப் பயமில்லை. ஆனால் மருந்து அடித்த பக்கத்தில் களை எடுத்து அப்படியே மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பா (இரவு 8:05): ரோட்டோரம் அடித்தாயிற்று. ஆறு டேங்க். முதுகு விட்டுப்போனது. தையாமீத்தாக்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கடைக்காரர் முகம் சுண்டிப்போனது. டானிக்கை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ரவி அண்ணன்: அப்பா, மாஸ்க் போட்டீர்களா?

பெரியப்பா: துண்டு கட்டினேன்.

கலா சித்தி: மூக்குக்குக் கீழே.

அடுத்த புதன்

பெரியப்பா (காலை 6:30): இன்றைக்கு எண்ணினேன். ரோட்டோரத்தில் இரண்டு, மூன்று இருக்கிறது. எல்லாம் பொடிக் குஞ்சு. முழுதாகச் சாகவில்லையே, இன்னொரு அடி போட்டுவிடவா?

நிலா: போடாதீர்கள். முட்டை இலையின் சதைக்குள் இருக்கும், கூட்டுப்புழு மண்ணில் இருக்கும். இரண்டிலும் மருந்து படாது. இப்போது நீங்கள் பார்ப்பது அப்புறம் பொரித்த குஞ்சு. 5-க்குக் கீழேதான் இருக்கிறது. புதுக் கொழுந்து எப்படி இருக்கிறது?

பெரியப்பா: அது விரிந்துதான் வருகிறது. பழைய இலை அப்படியே சுருங்கிக் கிடக்கிறது.

நிலா: பழைய இலை திரும்பாது, அதைப் பார்த்து மருந்து அடிக்கக் கூடாது. இந்த வயதில் மல்லாட்டை தானே தேறிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை எண்ணிச் சொல்லுங்கள். மறுபடி 5-ஐத் தாண்டினால் இதே மருந்து வேண்டாம், வேளாண் அலுவலகத்தில் கேட்டு வேறு வகை வாங்கலாம்.

சித்தப்பா: அண்ணே, நாற்பதாம் நாள் மண் அணைக்க ஆள் சொல்லியாயிற்றா? ஜிப்சம் உங்களுக்கும் எனக்கும் சேர்த்தே ஏற்றிவிடலாம், ஏக்கருக்கு 160 கிலோ.

பெரியப்பா: சொல்லிவிட்டேன். வண்டி வாடகை பாதி உன்னுடையது.