பெரியவர்களைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு ஆப்பில் புள்ளி கொடுக்கலாமா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
எல்லோருக்கும் வணக்கம். டர்பனில் எங்கள் கோயில் மகளிர் குழுவில் இருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் தனியாக வாழும் பெரியவர்களை முறை வைத்துப் போய்ப் பார்த்து வருகிறோம். அவர்கள் பிள்ளைகள் ஜொகன்னஸ்பர்க், லண்டன், பெர்த் என்று போய்விட்டார்கள். புரட்டாசியில் வீடு நிறைய ஆள் இருக்கும், மற்ற நாளெல்லாம் டிவிதான். சாப்பாடு யாராவது கொடுத்துவிடுவார்கள். உட்கார்ந்து பேசத்தான் ஆள் இல்லை. ஒரு ஆயா (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கதவைத் திறந்ததுமே, "எவ்வளவு நேரம் இருப்பே?" என்றுதான் கேட்பார்.

இதற்கு எங்கள் இளைஞர்கள் ஒரு ஆப் செய்கிறார்கள். வீட்டு கேட்டில் க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் மொபைல் டேட்டா. வவுச்சர் தரக் கடைக்காரர் ஒருவர் சம்மதித்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு டேட்டா என்றால் சும்மாவா? கட்டாயம் வருவார்கள். ஆனால் கேட்டிலேயே ஸ்கேன் செய்துவிட்டுத் திரும்பிவிட்டால்? புள்ளிக்காக வந்தான் என்று அந்த ஆயாவுக்குத் தெரிந்தால் மனசு என்ன பாடுபடும்? அதே சமயம், பரிசே இல்லாமல் கூப்பிட்டால் எப்போதும் வரும் அந்த நாலைந்து பிள்ளைகள்தான் வருகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டோங்காட் தம்பி:
அக்கா, உங்கள் பயம் நியாயமானது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள நர்சரிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லிவிட்டு அதைக் கொடுத்த பிள்ளைகளுக்கு, பிறகு தானாக வரையும் ஆர்வம் குறைந்துபோனது. சொல்லாமல் கடைசியில் கொடுத்தவர்களுக்குக் குறையவில்லை. அதனால் அந்த நாலைந்து பிள்ளைகளைப் புள்ளிக் கணக்கில் கொண்டுவராதீர்கள். ஒருநாள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, வவுச்சரைக் கையில் கொடுங்கள், போதும்.

போக்கிமோன் கோ ஞாபகம் இருக்கிறதா, வெளியே நடந்து போய் போனில் பொம்மை பிடிக்கும் விளையாட்டு? புதுசின் மோகம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு அது உதாரணம். 2016இல் அமெரிக்காவில் அதை விளையாடிய இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு 955 ஸ்டெப் கூடுதலாக நடந்தவர்கள், ஆறாவது வாரத்தில் பழையபடி ஆகிவிட்டார்கள்.

பீனிக்ஸ் டீச்சர்:
தம்பி சொல்வது ஏற்கெனவே ஆசை இருப்பவர்களுக்குச் சரி. ஆசையே வராத பிள்ளையை முதல் தடவை படியேற்ற ஏதாவது வேண்டாமா? நம் தென்னாப்பிரிக்காவின் வைட்டாலிட்டி என்ற உடல்நலப் பரிசுத் திட்டத்தைப் பாருங்கள். ஆப்பிள் வாட்சைக் கையில் கொடுத்து, உடற்பயிற்சி இலக்கை எட்டினால் அந்த வாட்சுக்கான மாதத் தவணையைக் குறைத்தார்கள். அப்படி வாங்கியவர்கள் சராசரியாக 34 சதவீதம் அதிகம் உடற்பயிற்சி செய்ததாக ராண்ட் யூரோப் என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் கணக்கிட்டது. பரிசு வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குள்ள கவலை வேறு. நடைக்குப் பரிசு நின்றால் நடை குறையும், அவ்வளவுதான். இங்கே வவுச்சர் நின்றுபோனால் ஜன்னலோரம் காத்திருக்கப்போவது ஆயா. தம்பி சொன்ன அந்த ஆறாவது வாரத்துக்கு இப்போதே வழி செய்யுங்கள். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள், ஒரு ஜோடிக்கு ஒரே வீடு. ஒருத்தி நின்றாலும் இன்னொருத்திக்கு அந்த வீடு பழகியிருக்கும்.

பீச் ஓட்டக்காரன்:
நான் சனிக்கிழமை காலை நார்த் பீச் பார்க்ரன்னுக்குப் போகிறவன். தன்னார்வலர்கள் வாராவாரம் நடத்தும் 5 கிலோமீட்டர் ஓட்டம், கட்டணம் கிடையாது. தென்னாப்பிரிக்காவில் இதை 2011இல் தொடங்கியவர் காம்ரேட்ஸ் மாரத்தானை 9 முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். 50 முறை, 100 முறை என்று ஓடினால் அதற்கென்று நிறம் வைத்த டி-ஷர்ட் உண்டு. எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஓடாமல் நின்று, ஓடி முடித்தவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்யும் தன்னார்வலருக்கும் இதே மாதிரி கணக்கு உண்டு. கடைசி ஆளுக்கும் பின்னால் நடக்கவென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். 2024இல் அதிவேகச் சாதனைப் பட்டியல்களைத் தங்கள் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். எதைக் கணக்கு வைக்கிறோமோ அதற்குத்தான் ஆட்கள் வருவார்கள், அக்கா.

அதனால் கோடு கேட்டில் வேண்டாம். அட்டையில் அச்சடித்து ஆயாவிடமே கொடுங்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது அவர் எடுத்துக் காட்டட்டும். அப்புறம், ஆயாவுக்கும் புள்ளி போடுங்கள். அவர் பிள்ளைகளுக்குப் பூக்கட்டச் சொல்லிக் கொடுத்தாலோ, பழைய கதை சொன்னாலோ அவர் பேரில் ஏறட்டும். இரண்டு பேரும் சேர்ந்து சம்பாதித்தது என்றால் அதில் மறைக்க என்ன இருக்கிறது?

சாட்ஸ்வொர்த் அக்கா:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயாவுக்கும் புள்ளி என்பது எனக்குத் தோன்றவே இல்லை, படித்ததும் கண் கலங்கிவிட்டது. கேட் கோடு வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். ஜோடி போடும் வேலையை மகளிர் குழு பார்த்துக்கொள்ளும். டீச்சர், ஒன்று மட்டும் கேட்கிறேன். ஜோடியில் ஒரு பெரிய பிள்ளை, ஒரு சின்னப் பிள்ளை என்று போடலாமா, இல்லை ஒரே வகுப்பாக இருப்பது நல்லதா?