எல்பிஜி டிடெக்டரில் 0, பிஎல்சியில் 20: எங்கே தவறு?

கேள்வி
எல்பிஜி மேனிஃபோல்டு ரூமில் (சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைக்கும் அறை) நான்கு கேட்டலிட்டிக் டிடெக்டர்கள் (கேஸை எரித்து அளக்கும் வகை) உள்ளன. ரேஞ்ச் 0-100 சதவீத எல்இஎல் (காற்றில் கேஸ் தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு), அவுட்புட் 4-20 மில்லியாம்ப். கேஸ் இல்லாமல் ஜீரோ, 2.5 சதவீத மீத்தேன் சிலிண்டரை வைத்து ஸ்பான் (தெரிந்த அளவு கேஸுக்கு ரீடிங்கைச் சரிசெய்வது) செய்தாயிற்று. டிஸ்ப்ளே 0 காட்டும்போது பிஎல்சியில் (சிக்னலைப் படிக்கும் கன்ட்ரோலர்) 20 வருகிறது, 50 காட்டும்போது 60. இது போக, மூன்றாவது டிடெக்டர் கேஸ் விட்டு இரண்டு நிமிடம் ஆகியும் 31-ஐத் தாண்டவில்லை. சென்சாரை மாற்றிவிடலாமா?

பதில் 1
முதல் பிரச்சினைக்கு டிடெக்டரைத் தொடாதீர்கள் சார். பிஎல்சி சேனல் 0-20 மில்லியாம்பில் கிடக்கிறது. 4 மில்லியாம்ப் அங்கே 20 சதவீதம், 12 மில்லியாம்ப் 60. பிஎல்சி சீமென்ஸ் எஸ்7-1200 என்றால், 4 மில்லியாம்பில் ரா வேல்யூ (ஸ்கேல் செய்யாத எண்) 0-க்குப் பதில் 5530 சுற்றி நிற்கும்.

சேனலையே 4-20-க்கு மாற்றுங்கள். புரோகிராமில் 20-ஐக் கழித்துச் சரிக்கட்டாதீர்கள்: 50 இருக்கும்போது 40 காட்டும், அலாரம் தாமதமாக அடிக்கும். மாற்றிய பின் லூப்பில் மீட்டரைத் தொடராகப் போட்டு 4.0, 12.0 வருகிறதா பாருங்கள்.

பதில் 2
மூன்றாவதற்கு: முதலில் ஃப்ளோ. மேனுவல் நிமிடத்துக்கு 0.5 லிட்டர் சொன்னால் அதே அளவு ஃபிக்ஸ்டு ஃப்ளோ ரெகுலேட்டர் வேண்டும். கேஸ் விடும் கப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, முன்னால் உள்ள சின்டரில் (நுண்துளை உலோக ஃபில்டர்) பெயின்ட், தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள். அதே சிலிண்டரில் மற்ற மூன்றும் ஸ்பான் ஏற்றதால் கேஸ் மேல் சந்தேகமில்லை.

எல்லாம் சரியென்றால் பீட் (சென்சாருக்குள் கேஸை எரிக்கும் சிறு மணி) கெட்டுவிட்டது. பக்கத்தில் சிலிக்கோன் சீலன்ட், ஸ்ப்ரே அடித்தார்களா விசாரியுங்கள், இல்லாவிட்டால் புது சென்சாரும் அதே வழிதான் போகும். மாற்றியதும் மேனுவலில் உள்ள வார்ம்-அப் நேரம் முடியும்வரை காத்திருந்து, ஜீரோ முதலில், ஸ்பான் பிறகு.

பதில் 3
இருவரும் விட்டது இதுதான்: எல்பிஜிக்கு மீத்தேனில் ஸ்பான் செய்து அப்படியே விடக் கூடாது. கேட்டலிட்டிக் பீட் அதே எல்இஎல் சதவீதத்தில் புரொப்பேனுக்கு மீத்தேனைவிடக் குறைவாகத்தான் அசையும். உண்மையில் 50 இருக்கும்போது 30 பக்கம் காட்டலாம். காற்று கலந்த புரொப்பேன் சிலிண்டர் வாங்குங்கள். நைட்ரஜன் கலவை உதவாது, பீட் எரிய ஆக்சிஜன் வேண்டும். டிடெக்டர்கள் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், எல்பிஜி கீழேதான் தேங்கும்.

கேட்டவர்
சேனல் 0-20 தான், மாற்றியதும் சரியாகிவிட்டது. நன்றி. கிடைக்கும் புரொப்பேன் சிலிண்டரில் 1.05 சதவீதம், 50 எல்இஎல் என்று போட்டிருக்கிறது. மேனுவலிலோ புரொப்பேன் எல்இஎல் 1.7. ஸ்பானில் எதைக் கொடுப்பது?

பதில் 3
லேபிளில் உள்ள 50 என்பது எல்இஎல் 2.1 என்ற கணக்கு. உங்கள் டிடெக்டர் ஐஇசி கணக்கான 1.7-இல் ஓடுகிறது. 1.05-ஐ 1.7-ஆல் வகுத்தால் 62, அதைக் கொடுங்கள். சோதனை கேஸால் வால்வ் மூடிக்கொள்ளாமல் இருக்க, வால்வ் டிரிப் பைபாஸை முதலிலேயே போட்டுவிடுங்கள். முடித்து, கப்பைக் கழற்றி, ரீடிங் 0-க்கு இறங்கிய பிறகே பைபாஸை எடுக்க வேண்டும்.