தொடர் கூட்டத்திலிருந்து ஒருவரை நீக்கினால் பழைய கூட்டங்களும் போக வேண்டுமா?

நாள்குறிப்பு (காலை 9:12)

காலண்டரில் திரும்பத் திரும்ப வரும் கூட்டத்தை மாற்றினால், மாற்றம் எந்தக் கூட்டங்களுக்கு என்று மென்பொருள் கேட்கும். அதைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "வாராந்திரக் கூட்டத்தில் யாரைச் சேர்த்தாலும் நீக்கினாலும் 'எல்லாக் கூட்டங்களும்' என்பதையே அழுத்துங்கள். அதுதான் சுத்தமான வழி. 'இதுவும் இனி வருபவையும்' என்பதைத் தொட்டால் தொடர் உடையும்." இதற்கு 17 பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மேலதிகாரிகளின் காலண்டரை 11 ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். இந்த அறிவுரையின்படி நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான். எங்கள் அலுவலகத்தில் செவ்வாய்தோறும் காலை 10 மணிக்கு ஒரு கூட்டம், ஒன்றரை ஆண்டாக நடக்கிறது. அதில் இருந்த ஒருவர் வேறு பிரிவுக்கு மாறினார். அன்று நான் விடுப்பு. என் இடத்தில் இருந்தவர் தொடரைத் திறந்தார், மாறிப்போனவரின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார், 'எல்லாம்' என்று கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அந்த மனிதர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். ஒவ்வொரு மாதமாகப் பின்னால் நகர்த்திக் காட்டினார். செவ்வாய்க்கிழமைகளில் 10 மணிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அவர் காலண்டரைப் பார்த்துத்தான் மாதக் கணக்கு எழுதுவார். அந்தக் கூட்டங்களில் அவர் உட்கார்ந்திருந்ததற்கான தடயமே இல்லை.

நடந்து முடிந்த கூட்டத்திலிருந்து ஒரு மனிதரை நீக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

ஒரேதொடர் (காலை 9:40)

அந்த அறிவுரையை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

உங்கள் கதை வருத்தமானது. ஆனால் நான் சொன்னது ஒன்று, நீங்கள் பேசுவது வேறொன்று. 'இனி வருபவை' என்று கொடுத்தால் தொடர் உடைகிறதா, இல்லையா? கூகுள் காலண்டரின் நிரலாளர் ஆவணமே தெளிவாகச் சொல்கிறது: பழைய தொடருக்கு ஒரு முடிவுத் தேதி போட்டு வெட்ட வேண்டும், அங்கிருந்து இன்னொரு தொடரை உருவாக்க வேண்டும். வெட்டிய இடத்துக்குப் பின்னால் தனியாக மாற்றி வைத்த கூட்டங்கள் இருந்தால் அந்த மாற்றங்களும் அழிந்துவிடும் என்று அதே இடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. அப்படியானால் அது ஒரு தொடரா, இரண்டு தொடரா?

நாள்குறிப்பு (காலை 9:58)

இரண்டாகவே இருக்கட்டும். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றில் பழையவர்கள் இருப்பார்கள், இன்னொன்றில் இப்போது இருப்பவர்கள் இருப்பார்கள். நடந்தது நடந்தபடி இருக்கும். பதிவேட்டில் ஒருவர் வேலையை விட்டால் அந்தத் தேதியில் கோடு போட்டு எழுதுகிறோம். அவர் வந்த நாள் முதல் எல்லாப் பக்கங்களிலும் பெயரைச் சுரண்டி எடுப்பதில்லை.

சேர்ப்பதிலும் இதே கதைதான். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணை 'எல்லாம்' என்று கொடுத்துச் சேர்த்தார்கள். அவள் வேலைக்கு வருவதற்கு முந்தைய 40 கூட்டங்களும் அவள் காலண்டரில் வந்து உட்கார்ந்தன. அந்தக் கூட்டங்களின் குறிப்புப் பகுதியில் அவளுடைய பதவிக்கு யார் யாரைப் பரிசீலித்தார்கள் என்பதும் இருந்தது. அதை அவள் படித்திருக்கிறாள். அவள் முகத்தை நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வரிசைஎண் (காலை 10:21)

இரண்டு பேரும் 'தொடர்' என்று எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பயனர் பார்வையில் தொடர் என்பது வேறு, காலண்டர் மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் ஐகாலண்டர் தரத்தில் தொடர் என்பது வேறு.

அந்தத் தரத்தை வரையறுக்கும், 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 ஆவணத்தில் ஒரு தொடருக்கு ஒரு யூஐடி, அதாவது தனி அடையாளக் குறி. மறுநிகழ்வு விதி ஒன்று இருக்கும். விலக்கிய நாள்கள் தனிப் பட்டியல். ஒரே ஒரு கூட்டத்தை மட்டும் மாற்றினால் அதே யூஐடியில், அது எந்த நாளின் கூட்டம் என்று சொல்லும் ரெகரன்ஸ்-ஐடியோடு தனியாக எழுதப்படும். 'இதுவும் இனி வருபவையும்' என்பதற்கும் அந்தத் தரத்தில் இடம் உண்டு. அதே யூஐடியில் திஸ்அண்ட்ஃபியூச்சர் என்ற வரம்பைக் கொடுக்கலாம். அதாவது தரத்தின்படி தொடரை உடைக்காமலே செய்ய வழி இருக்கிறது. ஆனால் அதைச் சரியாகக் கையாளும் மென்பொருள்கள் குறைவு என்பதால் பெரும்பாலோர் வெட்டி இரண்டாக்குகிறார்கள். 1998இல் வந்த பழைய தரத்தில் 'இதுவும் இதற்கு முந்தையவையும்' என்ற வரம்புகூட இருந்தது. 2009இல் அதை இனி உருவாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரேதொடர் (காலை 10:30)

நன்றி. "பெரும்பாலோர் வெட்டி இரண்டாக்குகிறார்கள்." நான் சொன்னது இதைத்தான்.

நாள்குறிப்பு (காலை 10:34)

நன்றி. "தரத்தின்படி தொடரை உடைக்காமலே செய்ய வழி இருக்கிறது." மென்பொருளின் சோம்பலுக்காக மனிதர்களின் பழைய நாள்களை அழிக்கச் சொல்வது என்ன நியாயம்?

வரிசைஎண் (காலை 10:41)

நான் எழுதியதில் ஆளுக்கொரு வரியை எடுத்துக்கொண்டீர்கள். நேர மண்டலம் பற்றிய போன விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மூன்றாம்மாடி (காலை 11:05)

உடைகிறதோ ஒட்டுகிறதோ, எங்களைப் போல அழைப்பு வாங்குகிறவர்களின் பாடு யாருக்காவது தெரியுமா? ஒரு ஆளைச் சேர்ப்பார்கள். அவுட்லுக் தெளிவாகக் கேட்கிறது: சேர்த்தவருக்கும் நீக்கியவருக்கும் மட்டும் அனுப்பவா, எல்லோருக்கும் அனுப்பவா? இவர்கள் எல்லோருக்கும் என்று கொடுப்பார்கள். 60 பேர் மின்னஞ்சலைத் திறந்து, நேரம் மாறிவிட்டதோ அறை மாறிவிட்டதோ என்று தேடி, ஒன்றும் மாறவில்லை என்று தெரிந்து மூடுவார்கள். காலண்டர் வேலை 11 ஆண்டு செய்தேன் என்கிறவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள்.

நாள்குறிப்பு (காலை 11:17)

என்னை இதில் இழுக்காதீர்கள். ஆள் மாற்றத்துக்காக ஒரு முறைகூட எல்லோருக்கும் அனுப்பியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எப்போதும் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆளைச் சேர்க்கும்போதே தலைப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் அது ஆள் மாற்றம் மட்டும் என்ற கணக்கில் வராது, எல்லோருக்கும் போய்விடும். அதனால்தான் நான் ஆளை முதலில் சேர்த்து அனுப்பிவிட்டு, மற்ற திருத்தங்களைப் பிறகு தனியாகச் செய்கிறேன். உங்கள் அலுவலகத்தில் செய்கிறவருக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். இங்கே வந்து என்மேல் பாய வேண்டாம்.

ஒரேதொடர் (காலை 11:26)

பேச்சை மாற்றுகிறீர்கள், அம்மா. இரண்டு தொடர் ஆன பிறகு என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவரைச் சேர்ப்பதற்காக 'இனி வருபவை' கொடுத்தார்கள். புதிய தொடர் என்பதால் ஒன்பது பேருக்குப் புதிய அழைப்பு போனது. ஏற்கெனவே சம்மதித்திருந்தவர்களில் நான்கு பேர் மறுபடி பதில் சொல்லவே இல்லை. அறையும் போயிற்று. அவுட்லுக்குக்குப் பின்னால் இருக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையகமான எக்ஸ்சேஞ்சில் அறைகளுக்கான முன்பதிவு எல்லை இயல்பாக 180 நாள். அதைத் தாண்டிப் போகும் தொடரை அறை தானாக மறுத்துவிடும். பழைய தொடரை அறை எப்போதோ ஏற்றிருந்தது. புதியது ஓர் ஆண்டுக்கு நீண்டதால் நிராகரித்துவிட்டது. திங்கள்கிழமை ஒன்பது பேரும் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே வேறு யாரோ.

இதற்குப் பதில் சொல்லுங்கள். அது ஒரு தொடரா, இரண்டு தொடரா?

நாள்குறிப்பு (காலை 11:49)

முதலில், 'அம்மா' என்று விளித்து அறிவுரை சொல்ல வேண்டாம். என்னைவிட நீங்கள் மூத்தவராகவே இருக்கலாம்.

அறை போனதற்குக் காரணம் புதிய தொடர் இல்லை, ஓர் ஆண்டு நீளம். 180 நாளுக்குள் முடிவுத் தேதி வைத்திருந்தால் கதவு திறந்திருக்கும். முடிவே இல்லாத தொடர்களைப் போட்டு வைக்கிறவர்கள்தான் இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலகாரணம். எனக்குத் தெரிந்து ஒரு புதன்கிழமைக் கூட்டம், அதை ஏற்பாடு செய்தவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டு ஆகியும் எல்லோர் காலண்டரிலும் நிற்கிறது. ஆளுக்கு ஆள் தனியாக நீக்கிக்கொள்ள வேண்டியதுதான். நான் எதையும் ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை. முடிகிற வாரத்தில் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். யார் வருகிறார்கள், யார் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு புதிதாகப் போடுவேன்.

நீங்கள் 'சுத்தம்' என்கிற வழியிலும் மாற்றங்கள் அழியத்தான் செய்கின்றன. அவுட்லுக்கில் தொடர் முழுவதையும் திறந்து நேரத்தையோ கிழமையையோ மாற்றிப் பாருங்கள். தனியாக நகர்த்தி வைத்திருந்த கூட்டங்களின் மாற்றங்கள் போய்விடும் என்று அதுவும் எச்சரிக்கிறது. விடுமுறைக்காக வியாழனுக்குத் தள்ளி வைத்தது மறுபடி செவ்வாய்க்கே போய் நிற்கும். இரண்டிலும் அழிகிறது. உங்கள் வழியில் கடந்த காலமும் சேர்ந்து அழிகிறது.

ஒரேதொடர் (காலை 11:55)

நான் பேசியது ஆள் மாற்றம், நேர மாற்றம் இல்லை. கேட்டது ஒரு கேள்வி, வந்தது ஆறு பதில், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

புதுவரவு (மதியம் 12:10)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழுத் தலைவர் இந்த மாதக் கடைசியில் போகிறார். வாராந்திரக் கூட்டம் அவர் பெயரில் இருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

ஒரேதொடர் (மதியம் 12:22)

எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது. கூகுள் காலண்டரில் நிகழ்வின் உரிமையாளரை மாற்ற வழி உண்டு. அவுட்லுக்கில் ஏற்பாட்டாளரை நாமாக மாற்ற முடியாது. அவர் போவதற்கு முன்பே அவரைக் கொண்டே தொடருக்கு முடிவுத் தேதி போடச் சொல்லுங்கள். ரத்து செய்யச் சொல்லாதீர்கள், செய்தால் பழைய கூட்டங்களும் எல்லோர் காலண்டரிலிருந்தும் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் அழைப்பு அனுப்புங்கள்.

நாள்குறிப்பு (மதியம் 12:25)

இதை எல்லோரும் படியுங்கள். "பழைய கூட்டங்களும் போய்விடும்" என்று இவரே பயப்படுகிறார்! முடிவுத் தேதி போட்டு அங்கிருந்து புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்! காலையிலிருந்து நான் சொல்வது வேறு என்ன?

ஒரேதொடர் (மதியம் 12:31)

அது முடிப்பது. நீங்கள் சொல்வது உடைப்பது. ஏற்பாட்டாளர் போகிறார், வேறு வழி இல்லை, முடிக்கிறோம். ஒரு சாதாரண ஆள் மாற்றத்துக்குத் தொடரை உடைப்பது வேறு.

நாள்குறிப்பு (மதியம் 12:38)

அந்தச் செவ்வாய்க்கிழமை மனிதரும் 'சாதாரண ஆள்'தான், உங்கள் கணக்கில். ஏற்பாட்டாளர் என்றால் அவர் பழைய நாள்களைக் காப்பாற்ற வழி சொல்கிறீர்கள். வெறும் பங்கேற்பாளர் என்றால் அழித்துவிடச் சொல்கிறீர்கள். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறவருக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது, ஐயா.

மூன்றாம்மாடி (மதியம் 12:50)

'ஏற்பாட்டாளர்' என்பதே தவறு. 'அமைப்பாளர்' என்பதுதான் சரியான சொல்.

வரிசைஎண் (மதியம் 12:57)

அமைப்பாளர் என்றால் கட்சி ஆள்போல இருக்கிறது. ஏற்பாட்டாளரே போதும்.

மூன்றாம்மாடி (மதியம் 1:03)

தரத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். தமிழைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம்.

புதுவரவு (மதியம் 1:20)

முடிவுத் தேதி என்று போடும்போது கடைசிக் கூட்டம் நடக்கும் நாளைப் போட வேண்டுமா, அதற்கு முந்தைய நாளையா? யாராவது சொல்லுங்கள், இன்றே தலைவரிடம் கேட்டாக வேண்டும்.

வரிசைஎண் (மதியம் 1:28)

கடைசிக் கூட்டம் நடக்கும் நாளையே போடுங்கள். முடிவுத் தேதி அந்த நாளையும் உள்ளடக்கியது. அந்த நாளில் கூட்டம் வந்தால் அதுவும் நடக்கும். முந்தைய நாளைப் போட்டால் ஒரு கூட்டம் குறையும். உங்கள் புதிய தொடரை அதற்கு அடுத்த வாரத்திலிருந்து தொடங்குங்கள். அதே வாரத்தில் தொடங்கினால் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஒரேதொடர் (மதியம் 1:31)

"புதிய தொடர்" என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய தொடர். அதாவது இரண்டாவது தொடர். நாள்குறிப்பு இதைப் படித்தாரா?

நாள்குறிப்பு (மதியம் 1:33)

படித்தேன். செவ்வாய்க்கிழமைகளைப் பற்றி நான் கேட்டதை நீங்கள் படித்தீர்களா?