4 அங்குல பைப் எல்போவுக்கு சைன் வளைவு டெம்ப்ளேட்: வரைந்தால் ரம்பப்பல் மாதிரி வருகிறது, உதவி தேவை

புதுப்பட்டறை (கேள்வி):
ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு 90 பாகை எல்போ (பைப் திரும்பும் வளைவு) ஒன்று, மூன்று துண்டாக வெட்டிப் பற்றவைக்க வேண்டும். எம்.எஸ். (மென் எஃகு) பைப், வெளிவிட்டம் 114.3 மி.மீ., தடிப்பு 6 மி.மீ. சாய்வாக வெட்டிய பைப்பை விரித்தால் சைன் வளைவு வரும் என்பதால் எக்ஸெல்லில் டெம்ப்ளேட் (பைப்பில் சுற்றி வெட்டுக்கோட்டைக் குறிக்கும் தாள்) போட்டேன். ஏ பத்தியில் 0 முதல் 360 வரை 30 பாகை இடைவெளி, பி பத்தியில் =சைன்(ஏ2). கிடைத்தது இது:

0 → 0
30 → -0.988
60 → -0.305
90 → 0.894
180 → -0.801

கிராஃபில் அலையே இல்லை, மொண்ணை ரம்பம் மாதிரி ஏறி இறங்குகிறது. ஏ4 தாளில் அச்செடுத்துச் சுற்றிப் பார்த்தால் ஓரமும் சேரவில்லை, தாள் 277 மி.மீ.தான் வருகிறது. எங்கே தப்பு?

அரைவட்டமானி:
இரண்டு தப்பு, ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை.

முதலாவது ரேடியன், அதாவது கோணத்தை அளக்கும் இன்னோர் அலகு. எக்ஸெல்லில் சைன் சார்பு பாகையை ஏற்காது. நீங்கள் கொடுத்த 30-ஐ 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. அது ஏறக்குறைய 1719 பாகை, அதாவது நாலே முக்கால் சுற்றுக்கும் மேல். அதன் சைன் -0.988, எக்ஸெல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. =சைன்(ரேடியன்ஸ்(ஏ2)) என்று மாற்றுங்கள் (சார்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). மாற்றியதும் மூன்று எண்களை மட்டும் பாருங்கள்: 30-க்கு 0.5, 90-க்கு 1, 270-க்கு -1. இது வந்தால் மீதியை நம்பலாம். 180-க்குச் சுத்தமான 0 வராது, புள்ளிக்குப் பின் 15 சுழியம் தாண்டி 122 என்று ஒரு துக்கடா நிற்கும். பை மதிப்பைக் கணினி ஓரிடத்தில் வெட்டிவிடுவதால் வருவது அது, கண்டுகொள்ள வேண்டாம்.

கையில் வைத்திருக்கும் கால்குலேட்டரிலும் இதே வில்லங்கம் உண்டு. டிகிரி, ரேடியன், கிரேடியன் என்று மூன்று நிலை இருக்கும். யாராவது நிலையை மாற்றி வைத்திருந்தால் தெரியவே தெரியாது. சைன் 30 அடித்து 0.5 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது தாள். சுற்றளவு 3.1416 × 114.3 = 359.1 மி.மீ. ஏ4 தாளின் நீளப் பக்கமே 297 மி.மீ.தான். ஓரம் விட்டு, பக்கத்துக்குள் அடக்கி அச்செடுத்ததால் 277-க்குச் சுருங்கிவிட்டது, உயரமும் கூடவே சுருங்கியிருக்கும். 420 மி.மீ. நீளமுள்ள ஏ3 தாள் வேண்டும். அதிலும் எக்ஸெல் கிராஃபை அச்செடுக்காதீர்கள், மில்லிமீட்டர் கணக்கு சொன்னபடி நிற்காது. எண்களை மட்டும் எக்ஸெல்லில் எடுத்து, கோட்டைக் கையால் போடுங்கள்.

புதுப்பட்டறை:
நன்றி அண்ணா, 0.5, 1, -1 மூன்றும் வந்துவிட்டது. ஆனால் உயரத்தை எவ்வளவு வைப்பது? சைன் 1-க்கு மேல் போகாதே. 30 பாகை இடைவெளி போதுமா?

அரைவட்டமானி:
உயரம் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால் மனப்பாடம் தேவையில்லை. பைப்பின் வாயில் நடுவிலிருந்து பக்கவாட்டில் தள்ளிப் போகப் போக, சாய்ந்த வெட்டு அதே விகிதத்தில் ஏறுகிறது. கோணம் எவ்வளவோ அதன் சைனை ஆரத்தால் பெருக்கினால் தள்ளிய தூரம். அதைச் சாய்வின் டேன் மதிப்பால் பெருக்கினால் ஏறிய உயரம். ஆகவே வீச்சு (நடுக்கோட்டிலிருந்து அலையின் உச்சி வரை உள்ள உயரம்) = ஆரம் × டேன்(வெட்டுக்கோணம்). மெழுகுவர்த்தி மேல் தாளைச் சுற்றிக் கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு வெட்டிப் பிரித்தால் இதே அலையைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்று துண்டு என்றால் இணைப்பு இரண்டு. ஒவ்வோர் இணைப்பும் 45 பாகை திருப்புகிறது, அதில் பாதி ஒவ்வொரு துண்டுக்கும். வெட்டுக்கோணம் 22.5 பாகை. வீச்சு 57.15 × 0.4142 = 23.67 மி.மீ. இங்கே பலரும் 45-ஐப் போட்டுவிடுவார்கள். அப்போது வீச்சு 57.15 ஆகிவிடும், மூன்று துண்டும் சேர்ந்து 180 பாகை திரும்பி வந்த வழியே போகும்.

சைனை நடுவிலிருந்து தொடங்கினால் பாதி உயரம் கழித்தல் குறியில் விழும், குறிக்கும்போது குழப்பும். குட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்: உயரம் = 23.67 × (1 - காஸ்(கோணம்)). காஸ் வேறு அலை அல்ல, 90 பாகை தள்ளி நிற்கும் சைன்தான். சுற்றளவை 16 பாகமாக்கினால் ஒரு பாகம் 22.44 மி.மீ. அடிக்கோட்டிலிருந்து உயரங்கள், மி.மீ.-இல்:

0 → 0
22.5 → 1.80
45 → 6.93
67.5 → 14.61
90 → 23.67
112.5 → 32.73
135 → 40.41
157.5 → 45.54
180 → 47.34

மறுபாதி இதையே திருப்பிப் போடுவது. 22.44-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள், பிசகு சேர்ந்துகொண்டே வரும். தாளைப் பாதி பாதியாக நான்கு முறை மடித்தால் 16 பாகம் தானாகவே வந்துவிடும்.

புள்ளிகளை ஸ்கேலால் நேர்க்கோடாக இணைப்பதானால் பாகங்களின் எண்ணிக்கை முக்கியம். 8 பாகத்தில் உச்சத்துக்குப் பக்கத்தில் கோடு 1.7 மி.மீ. உள்ளே போகும். 16 பாகத்தில் 0.45 மி.மீ., சாக்பீஸ் கோட்டின் தடிப்புகூட இல்லை. வளையும் மெல்லிய பட்டையை வைத்து இழைத்து இணைத்தால் 12 பாகமே, அதாவது உங்கள் 30 பாகையே போதும். இரண்டு துண்டு எல்போ என்றால் கதை வேறு. அங்கே வீச்சு 57.15, 8 பாகத்தில் 4 மி.மீ. பிசகும்.

வளையம்:
மேலே சொன்னதோடு ஒன்று. 114.3 பைப்பில் 1 பாகைக்குக் கிட்டத்தட்ட 1 மி.மீ. (359.1-ஐ 360-ஆல் வகுத்துப் பாருங்கள்). மற்ற அளவுப் பைப்பில் கிடைக்காத வசதி இது. மில்லிமீட்டர் கிராஃப் தாளில் பாகையையே நீளமாகக் குறித்து வரையலாம், ஒரு முழுச் சுற்றில் பிசகு 0.9 மி.மீ.தான்.

தாளை வெட்டும் முன் பைப்பில் வெறும் பட்டையைச் சுற்றி நிஜச் சுற்றளவை அளந்துவிடுங்கள். பைப் விட்டம் எப்போதும் அச்சாக 114.3 இருக்காது. டெம்ப்ளேட்டின் தடிப்பும் கணக்கில் வரும். மெல்லிய தாளுக்கு 0.3 மி.மீ. கூடுதல், விட்டுவிடலாம். 1 மி.மீ. கேஸ்கெட் ஷீட்டில் வெட்டினால் 3.1 மி.மீ. கூடுதல் தேவை. அதைச் சேர்க்காமல் வெட்டிவிட்டு ‘ஓரம் சேரவில்லை’ என்று இழுத்துப் பிடிக்கக் கூடாது.

நடுத்துண்டில் இரண்டு முனையிலும் குட்டைப் பக்கம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு முனையில் டெம்ப்ளேட்டைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்துவிட்டால் எல்போ கிடைக்காது, பைப் வளைந்து மறுபடி பழைய திசைக்கே போகும். வளைவின் மைய ஆரம் 152.4 மி.மீ. என்று வைத்தால் நடுத்துண்டு மையக்கோட்டில் 2 × 152.4 × 0.4142 = 126.2, குட்டைப் பக்கம் 78.9, நீளப் பக்கம் 173.6.

நீளப் பைப்பிலிருந்து எடுப்பதானால் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வெட்ட வேண்டாம். ஒரு சாய்வு வெட்டு இரண்டு துண்டுக்கும் முனை கொடுக்கும், ஒன்றைப் பாதிச் சுற்றுத் திருப்பினால் 45 பாகை வளைவு தயார். டிஸ்க் தின்னும் அளவை மட்டும் நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. டிஸ்க் என்றால் பைப் நீளத்தில் மூன்றே கால் போகும். திருப்பும் முன் பைப் நெடுகிலும் நேர்க்கோடு ஒன்றைக் கீறி வையுங்கள், வெட்டியபின் எது எதற்கு எதிர்ப்பக்கம் என்று கண்ணால் கணிப்பது நடக்காது.

பயிற்சி மாணவன்:
குறுக்கே வந்ததற்கு மன்னிக்கவும் சார். எங்களுக்கு வகுப்பில் ஏ.சி. மின்சாரத்துக்கு சைன் வரையச் சொல்லியிருக்கிறார்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கோணம் சொல்லவில்லை, நேரம்தான் இருக்கிறது. 10 மில்லிவினாடி இடைவெளியில் போட்டேன், ரேடியன் எல்லாம் சரிதான், ஆனால் படுத்த கோடுதான் வருகிறது.

மின்கம்பி:
தம்பி, 50 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலைக்கு 20 மில்லிவினாடி. 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்த்தால் 0, 180, 360 பாகைகளில் மட்டும் பார்க்கிறாய். எல்லா இடத்திலும் சுழியம்தானே. 1 மில்லிவினாடி இடைவெளி வை, ஒவ்வோர் அடியும் 18 பாகை, அலை தெளிவாகத் தெரியும்.

வீச்சுக்கு 230-ஐப் போடாதே. அது ஆர்.எம்.எஸ். மதிப்பு (ஒருவகைச் சராசரி), உச்சம் அல்ல. உச்சம் 230 × 1.414 = 325 வோல்ட். கெப்பாசிட்டர், டயோடு வாங்கும்போது தாங்கும் வோல்டேஜ் பார்ப்பது இந்த 325-ஐ வைத்துத்தான். சூத்திரம்: 325 × சைன்(2 × பை × 50 × நேரம்), நேரம் வினாடியில். 5 மில்லிவினாடியில் 325, 15-இல் -325 வர வேண்டும். மூன்று ஃபேஸ் வரையச் சொன்னால் அதே அலையை 120 பாகை, அதாவது 6.67 மில்லிவினாடி தள்ளித் தள்ளி இன்னும் இரண்டு முறை போடு.

பைப்போ கரண்டோ, கேட்க வேண்டியது மூன்றே: எவ்வளவு உயரம், எவ்வளவு நீளத்தில் ஒரு சுற்று முடிகிறது, எங்கிருந்து தொடங்குகிறது. மேலே அவருக்கு 23.67 மி.மீ., 359.1 மி.மீ., குட்டைப் பக்கம். உனக்கு 325 வோல்ட், 20 மில்லிவினாடி, சுழியம்.

புதுப்பட்டறை:
டெம்ப்ளேட் கச்சிதமாகச் சுற்றியது. கேஸ் கட்டரால் வெட்டி டேக் (தற்காலிகப் பொட்டுப் பற்றவைப்பு) வைத்தேன். குட்டைப் பக்கம் ஒட்டி நிற்கிறது, நீளப் பக்கத்தில் வெளியே நாலரை மி.மீ. இடைவெளி. மூலைமட்டம் வைத்தால் எல்போ 90-ஐத் தாண்டி 4 பாகைக்கு மேல் கூடுதலாக வளைந்திருக்கிறது. கோடு விலகாமல்தான் வெட்டினேன்.

அரைவட்டமானி:
கோடு சரி, கட்டரைப் பிடித்த விதம்தான் காரணம். முனையைப் பைப்பின் நடுவைப் பார்த்துப் பிடித்து வெட்டியிருக்கிறீர்கள். டெம்ப்ளேட் வெளிவிட்டத்துக்குப் போட்டது. அப்படி வெட்டினால் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்பின் உயரமே கிடைக்கும். ஆனால் உள் ஆரம் 6 மி.மீ. குறைவு, அங்கே அலையின் வீச்சும் குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆகவே நீளப் பக்கத்தில் உள்விளிம்பு துருத்தி நின்று முதலில் முட்டுகிறது. இடைவெளி = 2 × தடிப்பு × சைன்(22.5) = 12 × 0.3827 = 4.6 மி.மீ. நீங்கள் அளந்த நாலரை இதுதான். ஓர் இணைப்புக்கு 2.2 பாகை, இரண்டுக்கும் சேர்த்து நாலரைப் பாகை வளைவு கூடும்.

டேக்கை உடைத்துவிட்டு, நீளப் பக்கத்து உள்விளிம்பை மட்டும் அரைவட்ட அரத்தாலோ டை கிரைண்டராலோ எடுங்கள். துண்டைத் தட்டையான பிளேட்டில் கவிழ்த்து வைத்தால் சுற்றிலும் ஆடாமல் உட்கார வேண்டும், அதுதான் சோதனை. வெளிவிளிம்பைத் தொட வேண்டாம். நீளப் பக்கத்தில் இப்போது வெளியே திறந்திருக்கும் ‘வி’ உள்விளிம்பை எடுத்ததும் மூடிக்கொள்ளும், அங்கே வெளியே பெவல் (பற்றவைக்க விளிம்பைச் சரிவாக எடுப்பது) போட வேண்டும். குட்டைப் பக்கத்தில் ‘வி’ உள்நோக்கித் திறந்திருக்கும், அங்கேயும் வெளியே பெவல் போட்டே ஆக வேண்டும்.

அடுத்த முறை இதே மாதிரி நடுவைப் பார்த்து வெட்டுவதானால், 90 முதல் 270 பாகை வரை வீச்சை உள் ஆரத்துக்கு எடுங்கள்: 51.15 × 0.4142 = 21.19. அப்போது 112.5-க்கு 31.78, 135-க்கு 38.65, 157.5-க்கு 43.25, 180-க்கு 44.86. குட்டைப் பக்கத்துப் பாதி பழைய எண்களே.

புகைக்குழாய் என்பதால் இந்த எல்போ போதும். அழுத்தம் தாங்கும் லைனுக்கு இப்படி வெட்டி ஒட்டுவதை நான் சொல்லமாட்டேன், கடையில் தையலில்லா (சீம்லெஸ்) எல்போ வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப்பட்டறை:
உள்விளிம்பை எடுத்ததும் மட்டம் சரியாக நிற்கிறது. கடைசியாக ஒன்று: இதே பைப்பில் இன்னொரு 114.3 பைப்பைச் செங்குத்தாக ‘டி’ போட இதே டெம்ப்ளேட் ஆகுமா?

வளையம்:
ஆகாது. அங்கே வெட்டு தட்டையான தளத்தில் விழவில்லை, இன்னொரு உருளையின் முதுகில் உட்காருகிறது. இரண்டும் ஒரே விட்டம் என்றால் கிளைப் பைப்பின் உயரம் 57.15 × (1 - |காஸ்(கோணம்)|). கழித்தல் பாதி மேலே மடங்கிவிடுவதால் ஒரு சுற்றில் இரண்டு கூர்முனை, இரண்டு வட்டக் குழி. 0-க்கு 0, 45-க்கு 16.74, 90-க்கு 57.15, 135-க்கு மறுபடி 16.74. கூர்முனைக்கு இருபுறமும் 22.5 போதாது, 5 பாகைக்கு ஒரு புள்ளி வையுங்கள். இந்த எண்களும் வெளிவிட்டத்துக்குத்தான். கிளையின் உள்விளிம்பு எப்படியும் முட்டும், அரத்தால் எடுத்துக்கொண்டே பொருத்திப் பாருங்கள். கிளை சிறிய விட்டம் என்றால் இந்தச் சூத்திரமும் செல்லாது, வர்க்கமூலம் வந்துவிடும். அளவைச் சொல்லுங்கள், எண்கள் போட்டுத் தருகிறேன்.

மின்கம்பி:
தம்பி, அந்த ‘டி’ வெட்டின் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார். நாலு டயோடு பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்கும் சுற்று) தாண்டி வரும் அலை அதுதான்.